ஹார்மோன் சுரக்கும் நியூரான்களுக்கு யார் கட்டளை இடுகிறார்கள்? நரம்பிணைப்புகளைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

இனப்பெருக்க ஹார்மோன்களை முடுக்கிவிடும் ஜிஎன்ஆர்எச் (GnRH) சுரக்கும் நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், சுண்டெலியின் மூளையில் ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. அவையும் ஓரிடத்தில் திரளாமல், மூளையின் நடு செப்டம் பகுதியில் தொடங்கி, ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதாலமஸின் முன்பகுதிவரை இறைந்து கிடக்கின்றன. இனப்பெருக்கம் மொத்தமும் இந்தச் சில நூறு செல்களின் வழியாகத்தான் நடக்கிறது. இவற்றுக்கு எந்த நரம்பு எங்கிருந்து வந்து சேர்கிறது, வந்தபின் என்ன செய்கிறது என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதல்ல. ஊசி ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதில் கோத்த நூல் எங்கே போகிறது என்று பின்தொடர்வது.

1928-இல் எர்ன்ஸ்ட் ஷாரர் மீன் மூளையில் சுரப்பிச் செல்லின் சாயலுள்ள நியூரான்களைக் காட்டியபோது, நரம்பணு ஹார்மோன் சுரக்குமா என்பதே விவாதமாக இருந்தது. அந்த விவாதம் முடிந்து பல காலம் ஆகிறது. இன்றைய சிக்கல் வேறு. இந்தத் துறையில் பிழையான முடிவுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: ஒரு முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமோ அதைத் தாண்டிய கேள்விக்கு அதையே சாட்சிக்கு அழைப்பது. ஆக்ஸான் (நியூரானிலிருந்து செய்தியைக் கொண்டுபோகும் இழை) அருகே இருக்கிறது என்பது ஒன்று. அங்கே சினாப்ஸ் (செய்தி கைமாறும் நரம்பிணைப்பு) இருக்கிறது என்பது இன்னொன்று. அந்த சினாப்ஸ் வேலை செய்கிறது என்பது மூன்றாவது. அதனால் ரத்தத்தில் ஹார்மோன் அளவு மாறுகிறது என்பது நான்காவது. கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன. எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் செய்தாக வேண்டியதில்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

படி 1: உங்கள் செல் உண்மையிலேயே ஹார்மோன் சுரக்கும் நியூரான்தானா?

பலரும் தாவிவிடும் படி இதுதான். ஹைப்போதாலமஸின் பாராவென்ட்ரிகுலர் கருவை எடுத்துக்கொள்ளுங்கள் (இங்கே கரு என்பது நியூரான்களின் திரள்). அதில் பின் பிட்யூட்டரிக்கு ஆக்ஸான் அனுப்பும் பெரிய செல்கள் உண்டு, முன் பிட்யூட்டரிக்குப் போகும் ரத்தத்தில் ஹார்மோன் இறங்கும் இடமான மீடியன் எமினென்ஸுக்கு அனுப்பும் சிறிய செல்கள் உண்டு, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் போகும் செல்களும் உண்டு. ஆக்ஸிடோசின் நிறமேறிய செல் என்பதாலேயே அது ரத்தத்தில் ஆக்ஸிடோசினைக் கொட்டும் செல் ஆகிவிடாது. அது தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும் செல்லாகவும் இருக்கலாம். அழுத்த ஹார்மோன்களை முடுக்கிவிடும் சிஆர்எச் (CRH) நியூரான்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஹைப்போதாலமஸின் இன்னொரு கருவான சுப்ராஆப்டிக் கருவில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு, அங்கே கிட்டத்தட்ட எல்லாமே பெரிய செல்கள். முதன்முதலில் இந்த வேலையைக் கற்பவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பிரித்தறியும் வழி எளிமையானது. ஹார்மோன் நியூரானின் ஆக்ஸான் முனை ரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஃபுளோரோகோல்டு சாயத்தை வயிற்றறைக்குள் செலுத்தினால், அது ரத்தம் வழியே அந்த முனைகளை அடைந்து, உள்ளே இழுக்கப்பட்டு, செல் உடலுக்கு வந்து சேரும். மூளைக்குள்ளேயே முடியும் ஆக்ஸான் உள்ள செல்கள் கறுப்பாகவே இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம்வரை, சலைனில் கரைத்துச் செலுத்தி, 5 முதல் 7 நாள் காத்திருங்கள். அளவைக் கூட்டினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அப்படிப் பாதிக்கப்பட்ட விலங்கில் நீர்ச் சமநிலையைக் கவனிக்கும் வாசோபிரெசின் செல்களை ஆராய்வதில் அர்த்தமே இல்லை.

இதில் தவறும் இடங்கள் மூன்று. ஊசி குடலுக்குள் போய்விட்டால் சாயம் எங்குமே ஏறாது. அதனால் முதலில் வேகஸ் நரம்பின் முதுகுப்புற இயக்கக் கருவைப் பாருங்கள், அது ஒளிர்ந்தால் ஊசி சரியாகப் போயிருக்கிறது. அடுத்து, ஃபுளோரோகோல்டு புறஊதா ஒளியில் தெரிவது. செல்லின் உட்கருவுக்கு (நியூக்ளியஸ்), அதே புறஊதாவில் தெரியும் டாப்பி (DAPI) சாயம் போடும் பழக்கத்தில் இங்கும் போட்டுவிட்டால் இரண்டும் கலந்து பயனில்லாமல் போகும். மூன்றாவது சற்று நுட்பமானது. மூளையிலுள்ள ஓவிஎல்டி (OVLT) எனப்படும் சிறு உறுப்பும் ரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியேதான் இருக்கிறது, ஜிஎன்ஆர்எச் ஆக்ஸான்கள் அங்கும் போகின்றன. ஆகவே சாயமேறிய ஜிஎன்ஆர்எச் செல்லை “மீடியன் எமினென்ஸுக்குப் போவது” என்று எழுத முடியாது. “தடுப்புக்கு வெளியே போவது” என்றுதான் எழுதலாம்.

மயங்கிய விலங்கில் நேரடியாகப் பதிவு செய்கிறீர்கள் என்றால் வேறு வழி: பிட்யூட்டரித் தண்டில் மின்தூண்டல் கொடுத்து, ஆக்ஸான் வழியே பின்னோக்கி வரும் துடிப்பைச் செல்லில் பிடிப்பது. மோதல் சோதனை இல்லாமல் இதை ஏற்காதீர்கள். செல் தானாகத் துடித்த உடனேயே தண்டைத் தூண்டினால், எதிரெதிரே வரும் இரண்டு துடிப்புகளும் ஆக்ஸானில் மோதி அழிய வேண்டும். அழியவில்லை என்றால் நீங்கள் பார்த்தது வேறொரு நியூரான் வழியாக வந்த செய்தி.

படி 2: விலங்கின் உடல்நிலையை முதலில் பூட்டுங்கள்

மூளையின் மற்ற பகுதிகளில் இணைப்பு வரைபடம் ஓரளவு நிலையானது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். இங்கே முடியாது. தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் இருந்த எலியிலும், குட்டிக்குப் பால் கொடுக்கும் எலியிலும், சுப்ராஆப்டிக் கருவின் ஆஸ்ட்ரோசைட்டுகள் (நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் செல்கள்) தங்கள் மெல்லிய தகடுகளை நியூரான்களுக்கு இடையிலிருந்து பின்னிழுத்துக்கொள்கின்றன. நியூரான்கள் ஒன்றோடொன்று நேராக ஒட்டுகின்றன, சினாப்ஸ் எண்ணிக்கை கூடுகிறது. கூண்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு இரவு முழுவதும் தாகத்தில் இருந்த விலங்கும் உங்கள் “கட்டுப்பாட்டுக் குழு”வில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெண் விலங்குகளில் யோனிச் செல் பூச்சைத் தினமும் ஒரே நேரத்தில் எடுத்து, குறைந்தது இரண்டு முழுச் சுழற்சியாவது பார்த்தபின் தொடங்குங்கள். கருமுட்டையை வெளியேறச் செய்யும் எல்எச் (LH) ஹார்மோனின் பேரெழுச்சி, புரோஈஸ்ட்ரஸ் (சுழற்சியில் கருமுட்டை வெளியேறுவதற்கு முந்தைய கட்டம்) நாளின் பிற்பகலில் விளக்கணையும் நேரத்தை ஒட்டி வருகிறது. அதே நாள் காலையில் எடுத்த மூளையும் மாலையில் எடுத்த மூளையும் ஒரே குழுவில் சேராது. சிஆர்எச் செல்களை ஆராய்பவர்களுக்கு நிமிடக் கணக்கு. கூண்டைத் தொட்ட நேரத்திலிருந்து 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டிரோனின் அடிப்படை அளவு கிடைக்கும். ஒரே அறையில் பத்து விலங்குகளை வரிசையாக எடுத்தால் பத்தாவது விலங்கு அடிப்படை நிலையில் இருக்காது. அடுத்த அறையில் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

படி 3: திசுவை நிலைப்படுத்துதல்

ஒளி நுண்ணோக்கிக்கு 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில், அமில-கார அளவு 7.4-இல், 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு. இதயம் வழியே செலுத்தி, மூளையை ஓர் இரவு அதே கரைசலில் வைத்து, பிறகு 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் அமிழும்வரை விடுங்கள். வெட்டு 30 முதல் 40 மைக்ரான். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போவதானால் 0.1 முதல் 0.5 சதவீதம்வரை குளூட்டரால்டிஹைடு சேர்க்க வேண்டும், உறைய வைக்காமல் அதிர்வுக் கத்தியில் 50 மைக்ரானாக வெட்ட வேண்டும். குளூட்டரால்டிஹைடு கூடினால் சவ்வுகள் அழகாகத் தெரியும், ஆன்டிபாடி ஒட்டாது. குறைந்தால் ஆன்டிபாடி ஒட்டும், சவ்வு கிழிந்து தெரியும். இந்தப் பேரத்தை ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனியாகப் பேசித்தான் ஆக வேண்டும். வெட்டுகளைச் சோடியம் போரோஹைட்ரைடில் கழுவினால் மிச்ச ஆல்டிஹைடு அடங்கி, பின்னணி ஒளிர்வு குறையும்.

சிஆர்எச் விஷயத்தில் ஒரு பழைய பொறி இருக்கிறது. சாதாரண விலங்கில் சிஆர்எச் பெப்டைடு உற்பத்தியானதும் ஆக்ஸான் முனைக்குப் போய்விடுவதால் செல் உடல் மங்கலாகத்தான் தெரியும். அதைத் தேக்கி வைக்க கோல்சிசின் கொடுப்பது வழக்கமாக இருந்தது. கோல்சிசின் ஆக்ஸான் போக்குவரத்தையே நிறுத்துகிறது. விலங்கை இறக்கும் தறுவாய்க்குத் தள்ளும் கடும் அழுத்தமும் அதுவே. அழுத்தத்தைக் கவனிக்கும் செல்லின் சினாப்ஸ்களை எண்ண, விலங்குக்கு உச்ச அழுத்தம் கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? மரபணு மாற்றிய ஒளிர்வு சுண்டெலிகள் கிடைக்கும் காலத்தில் இது தேவையில்லை.

படி 4: கன்ஃபோக்கல் ஒளி நுண்ணோக்கியில் “தொடுதல்” என்பதன் பொருள்

ஹார்மோன் செல்லுக்கு ஒரு நிறம், வரும் ஆக்ஸானுக்கு ஒரு நிறம், சினாப்ஸ் புரதத்துக்கு ஒரு நிறம் என்று மூன்று நிறம் போதும். ஆக்ஸான் பக்கம் என்ன போடுவது என்பதைக் கேள்வி தீர்மானிக்கும். ஹைப்போதாலமஸிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் வரும் குளூட்டமேட் (தூண்டும் நரம்புக் கடத்தி) முனைகளுக்குப் பெரும்பாலும் அதைப் பைகளில் ஏற்றும் புரதமான விஜிலட்2 (VGLUT2). விஜிலட்1 மட்டும் போட்டுவிட்டுக் “குளூட்டமேட் வரவே இல்லை” என்று சொல்லிவிட வேண்டாம். பொதுவாகத் தடுக்கும் கடத்தியான காபாவுக்கு (GABA) அதைப் பைகளில் ஏற்றும் விகாட் (VGAT), அதன் எதிர்ப்பக்கத்தில், அதாவது செய்தி வாங்கும் பக்கத்தில், கெஃபிரின் புரதம். நார்அட்ரினலினுக்கு அதைத் தயாரிக்கும் நொதியான டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸ். டோபமைன் செல்களிலும் இருக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியை மட்டும் பார்த்தால், ஹைப்போதாலமஸின் ஆர்க்குவேட் கருவின் டோபமைன் இழைகளும் சேர்ந்து எண்ணப்படும்.

இப்போது திரையில் வரும் காட்சியைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். பச்சை ஜிஎன்ஆர்எச் டென்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை), அதன் முதுகில் உட்கார்ந்தாற்போல், ஜிஎன்ஆர்எச் செல்லைத் தூண்டும் கிஸ்பெப்டின் பெப்டைடு உள்ள ஒரு சிவப்பு ஆக்ஸான் முடிச்சு, இரண்டும் சேரும் விளிம்பில் மஞ்சள் கீற்று. பார்த்தவுடன் “சினாப்ஸ்!” என்று மனம் சொல்லும். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நல்ல 63 மடங்கு எண்ணெய் லென்ஸ், துளை எண் 1.4 என்றாலும் பக்கவாட்டில் பிரித்துக்காட்டும் திறன் சுமார் 0.2 மைக்ரான், ஆழத்தில் அரை மைக்ரானுக்கும் மேல். சினாப்ஸ் இடைவெளியோ 20 நானோமீட்டர் சொச்சம். அந்த மஞ்சள் கீற்றுக்குள் ஒரு சினாப்ஸும் இருக்கலாம். ஓர் ஆஸ்ட்ரோசைட் தகடும் அதற்கு அப்பால் இன்னொரு டென்ட்ரைட்டும் மறைந்திருக்கவும் இடம் உண்டு.

ஆகவே செய்ய வேண்டியவை: ஆழ இடைவெளி 0.3 மைக்ரானுக்கு மேல் போகாமல் அடுக்கெடுங்கள். தட்டையாக்கிய கூட்டுப்படத்தில் ஒருபோதும் எண்ணாதீர்கள், ஒவ்வொரு தொடுதலையும் மூன்று தளத்திலும் திருப்பிப் பாருங்கள். முடிச்சு, சினாப்ஸ் புரதம், எதிர்ப்பக்கப் புரதம் மூன்றும் வரிசையாக அமர்ந்தால் மட்டும் எண்ணில் சேருங்கள். அதன் பிறகு மிக முக்கியமான சோதனை: சிவப்பு அலைவரிசையை மட்டும் 90 பாகை திருப்பிவிட்டு, அதே படத்தில் அதே விதிகளோடு மறுபடி எண்ணுங்கள். இது தற்செயலாக விழும் தொடுதல்களின் எண்ணிக்கை. ஆர்க்குவேட் கரு போல இழை நெருக்கம் அதிகமுள்ள இடத்தில் இந்தத் தற்செயல் எண்ணிக்கை திடுக்கிட வைக்கும். உண்மை எண் அதைத் தெளிவாகத் தாண்டாவிட்டால் உங்களிடம் இணைப்பு இல்லை, கூட்ட நெரிசல்தான் இருக்கிறது.

திசுவை ஜெல்லில் ஊற வைத்து நான்கைந்து மடங்கு பெரிதாக்கும் விரிவாக்க நுண்ணோக்கி முறை 2015-இல் வந்தபின் இந்த நிலைமை நிறையவே மாறியது. சாதாரணக் கன்ஃபோக்கலிலேயே 70 நானோமீட்டர் அளவுக்குப் பிரித்தறியலாம். முன்பு தொடுதல் என்று எண்ணியவற்றில் கணிசமானவை விரித்துப் பார்க்கையில் விலகி நிற்கும். விரிவாக்கத்துக்குப் பின் நிறம் நீர்த்து மங்கும். ஒளிர்வுப் புரதத்தின் சொந்த ஒளியை நம்பாமல், அதற்கும் ஆன்டிபாடி போட்டு ஒளியைப் பெருக்கிவிட்டே விரியுங்கள்.

ஜிஎன்ஆர்எச் செல்லை எண்ணுபவர்களுக்குத் தனிக் குறிப்பு. இந்தச் செல்லிலிருந்து மீடியன் எமினென்ஸ் நோக்கிப் போகும் நீண்ட இழை ஆக்ஸான் போலத் துடிப்பைக் கடத்தவும் செய்கிறது, டென்ட்ரைட் போல வழியெல்லாம் சினாப்ஸ்களை வாங்கவும் செய்கிறது. 2013-இல் இதற்கு டென்ட்ரான் என்று பெயர் வைத்தார்கள். செல் உடலைச் சுற்றி 50 மைக்ரான் மட்டும் எண்ணிவிட்டு “இந்தச் செல்லுக்கு வரவு (வந்து சேரும் இணைப்பு) குறைவு” என்று சொல்வது, வீட்டு வாசலில் மட்டும் நின்று ஊருக்கு வருவோரை எண்ணுவது போன்றது.

படி 5: எலக்ட்ரான் நுண்ணோக்கி

சினாப்ஸ் இருக்கிறது என்று ஐயமறச் சொல்ல இதுதான் வழி. ஒரு பக்கத்துக்கு டிஏபி (DAB) வேதிப்பொருளின் அடர் வண்டல், மறுபக்கத்துக்கு வெள்ளியால் பெருக்கிய தங்கத் துகள். 60 முதல் 70 நானோமீட்டர் வெட்டு, அதுவும் தொடர்ச்சியாக. ஒற்றை வெட்டில் சினாப்ஸின் விளிம்பு மட்டும் விழுந்தால் அது சினாப்ஸ் போலவே தெரியாது. எதிர்ப்பக்கச் சவ்வில் தடித்த அடர்த்தி இருந்தால் பெரும்பாலும் குளூட்டமேட், இருபுறமும் சமமாக மெலிந்திருந்தால் பெரும்பாலும் காபா.

இங்கே அதிகம் நடக்கும் பிழை: ஆன்டிபாடி திசுவின் மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான்தான் உள்ளே இறங்கும். அதற்குக் கீழே வெட்டிப் பார்த்து நிறம் இல்லாததைக் கண்டு “இணைப்பு இல்லை” என்று எழுதுவோர் உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் வெறும் ரெசினும் திசுவும் சேரும் ஓரம் தெரிய வேண்டும், இரண்டு நிறங்களும் இருக்கும் பரப்பில் மட்டுமே எண்ண வேண்டும்.

படி 6: ரேபிஸ் வைரஸால் பின்னோக்கித் தேடுதல்

மேலே சொன்ன முறைகளில் எந்த இழையைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத வரவுகளைக் கண்டுபிடிக்க, செல்லுக்குச் செல் தாவத் தேவையான ஜி புரதம் நீக்கிய ரேபிஸ் வைரஸ் உதவும். 2007 முதல் புழக்கத்தில் உள்ளது. தேவையான செல்லில் மட்டும் க்ரீ (Cre, செலுத்திய மரபணுவை இயக்கிவிடும் நொதி) வெளிப்படும் சுண்டெலி, அதில் டிவிஏ (TVA) ஏற்பியையும் ஜி புரதத்தையும் ஏற்றும் துணை வைரஸான ஏஏவி (AAV), 2 முதல் 3 வாரம் காத்திருப்பு, பிறகு டிவிஏ உள்ள செல்லுக்குள் மட்டும் நுழையும்படி என்வ்ஏ (EnvA) உறை போட்ட ரேபிஸ், 5 முதல் 7 நாள். வைரஸ் அந்தச் செல்லிலிருந்து நேரடியாக இணைந்த நியூரான்களுக்கு ஒரு படி மட்டும் பின்னோக்கித் தாண்டும். இதற்கான உயிரிப் பாதுகாப்பு ஒப்புதலும் தடுப்பூசி விதிகளும் ஆய்வகம்தோறும் மாறும். விலங்கை வாங்கும் முன்பே அவற்றை முடித்துவிடுங்கள்.

கட்டாயம் வேண்டிய கட்டுப்பாடுகள் இரண்டு. க்ரீ இல்லாத விலங்கில் எல்லாவற்றையும் செலுத்திப் பாருங்கள்: ரேபிஸ் ஒளிர்வு அங்கும் தெரிந்தால் டிவிஏ கசிகிறது என்று பொருள். மிகச் சிறு கசிவே ரேபிஸை உள்ளே விடப் போதும், அதனால்தான் வீரியம் குறைத்த டிவிஏ வகை வந்தது. அடுத்து ஜி புரதம் இல்லாமல் செய்யுங்கள்: அப்போது ஒளிர்வு தொடக்கச் செல்களை, அதாவது ரேபிஸ் முதலில் நுழைந்த செல்களை, தாண்டக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தாலும், ஊசி இட்ட இடத்தை ஒட்டிய செல்களின் எண்ணிக்கையை நம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஹைப்போதாலமஸில் உள்ளூர் இணைப்புகள்தான் ஏராளம் என்பதால் இந்தக் குறை இங்கே வலிக்கும்.

க்ரீ விலங்கையும் கண்மூடி நம்பாதீர்கள். பசியைக் கவனிக்கும் ஏஜிஆர்பி (AgRP) நியூரான்களில் ஒரு பகுதி, கருவளர்ச்சியின்போது, பசியை அடக்கும் செல்களின் அடையாளமான போம்க் (POMC) மரபணுவைக் கொஞ்சகாலம் வெளிப்படுத்திய முன்னோடிச் செல்களிலிருந்து வந்தவை. போம்க்-க்ரீ விலங்கை ஒளிர்வு விலங்கோடு இணைத்தால், இன்று போம்க் இல்லாத அந்தச் செல்களும் ஒளிரும். வளர்ந்த விலங்கில் ஏஏவி வழியே ஏற்றினால் இந்தக் குழப்பம் குறையும். எப்படியும், தொடக்கச் செல்களில் பாதியையாவது ஹார்மோனுக்கான ஆன்டிபாடி போட்டு உறுதிசெய்யுங்கள்.

ஜிஎன்ஆர்எச் போன்ற இறைந்த செல்களுக்குத் தொடக்கச் செல் எண்ணிக்கை கைவிரலில் எண்ணும் அளவுக்கே கிடைக்கும். “ஒரு தொடக்கச் செல்லுக்கு இத்தனை வரவுச் செல்” என்ற விகிதத்தைக் கொடுங்கள், மொத்த எண் பொருளற்றது. ரேபிஸ் காட்டாத இடம் இணைப்பில்லாத இடம் என்றும் கொள்ள முடியாது. எல்லா வகைச் சினாப்ஸையும் அது ஒரே திறமையோடு தாண்டுவதில்லை.

எதிர்பார்க்க வேண்டிய வரவுகள் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது நல்ல உரைகல். வாசோபிரெசின் செல்லுக்கு லாமினா டெர்மினாலிஸிலிருந்தும், மெடுல்லாவின் வயிற்றுப்புறப் பக்கவாட்டு ஏ1 நார்அட்ரினலின் கூட்டத்திலிருந்தும் வர வேண்டும். சிஆர்எச் செல்லுக்கு தனித்தடக் கருவிலிருந்தும், ஸ்ட்ரியா டெர்மினாலிஸின் படுகைக் கருவிலிருந்தும் வர வேண்டும். ஹிப்போகாம்பஸின் செய்தி சிஆர்எச் செல்லை அடைவது பெரும்பாலும் அந்தப் படுகைக் கரு போன்ற இடைநிலையங்கள் வழியே. ஹிப்போகாம்பஸ் நேரடியாக, அதுவும் கொத்துக் கொத்தாக ஒளிர்ந்தால் கண்டுபிடிப்பைக் கொண்டாடும் முன் கசிவைத் தேடுங்கள்.

படி 7: மூளைத் துண்டில் ஒளித்தூண்டலும் பதிவும்

சினாப்ஸ் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இங்கே வருகிறோம். வரவுக் கருவில், ஒளி பட்டால் நியூரானைத் துடிக்க வைக்கும் சேனல்ரோடாப்சின் புரதத்தை ஏற்றும் ஏஏவியைச் செலுத்தி 3 முதல் 4 வாரம் விடுங்கள், புரதம் ஆக்ஸான் முனைவரை போக வேண்டும். பிறகு 200 முதல் 300 மைக்ரான் துண்டுகள், 32 முதல் 34 பாகை செல்சியஸ், 95 சதவீத ஆக்ஸிஜனும் 5 சதவீதக் கார்பன் டைஆக்ஸைடும் செலுத்திய செயற்கை மூளைத் தண்டுவடத் திரவம்.

அந்தத் திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 120, பொட்டாசியம் குளோரைடு 2.5, சோடியம் பைகார்பனேட் 26, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25, கால்சியம் குளோரைடு 2, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10. கலக்கியதும் ஆஸ்மோமீட்டரில் அளந்து, மேனிட்டால் சேர்த்து 295 முதல் 300 மில்லிஆஸ்மோலுக்குள் நிறுத்துங்கள். மற்ற மூளைப் பகுதிகளில் பத்து அலகு கூடினாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வாசோபிரெசின் செல்லோ ஓரிரு சதவீத மாற்றத்தையே உணர்ந்து துடிப்பைக் கூட்டும். அதுதான் அதன் பிழைப்பு. ஒவ்வொரு நாளும் அளக்காமல் திரவம் கலந்தால், திங்கட்கிழமைச் செல்களும் வியாழக்கிழமைச் செல்களும் இரண்டு வெவ்வேறு விலங்குகளின் தாகத்தில் இருக்கும்.

துண்டின் தளமும் முக்கியம். குறுக்கு வெட்டில் ஜிஎன்ஆர்எச் டென்ட்ரான் அறுந்துபோகும். அதோடு ஆர்க்குவேட்டிலிருந்து அதன் தொலைமுனைக்கு வரும் வரவும் போய்விடும். நெடுக்கு வெட்டு எடுங்கள்.

பதிவில், 470 நானோமீட்டர் நீல ஒளி, 2 முதல் 5 மில்லிசெகண்டு துடிப்பு. பதில் சில மில்லிசெகண்டுக்குள், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே தாமதத்தில் வர வேண்டும். தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் முன்பின்னாக ஆடினால் நடுவில் இன்னொரு நியூரான் உட்கார்ந்திருக்கிறது. உறுதிசெய்ய, நரம்புத் துடிப்பை நிறுத்தும் டெட்ரோடாக்சின் 1 மைக்ரோமோலார் போடுங்கள், பதில் மறைய வேண்டும். அதோடு, பொட்டாசியம் வழிகளை அடைக்கும் 4-அமினோபிரிடின் 100 மைக்ரோமோலார் சேர்த்ததும் மீண்டும் வர வேண்டும். திரும்பி வந்தால் நேரடி இணைப்பு. பிறகு டிரான்ஸ்மிட்டர் (நரம்புக் கடத்தி) எது என்று அறிய ஏற்பித் தடுப்பான்கள்: குளூட்டமேட்டுக்குச் சிஎன்க்யூஎக்ஸ் 10 மைக்ரோமோலாரும் ஏபி5 50 மைக்ரோமோலாரும், காபாவுக்கு காபாசீன் (gabazine) 5 முதல் 10 மைக்ரோமோலாரும்.

வைரஸ் ஊசி பக்கத்துக் கருவுக்குப் பரவியிருக்கிறதா என்று ஒவ்வொரு விலங்கிலும் வெட்டிப் பாருங்கள். ஹைப்போதாலமஸில் கருக்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன. 50 நானோலிட்டர் செலுத்த வேண்டிய இடத்தில் 300 செலுத்தினால், யாருடைய ஆக்ஸானைத் தூண்டுகிறோம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

படி 8: காபா தடுக்கிறதா, தூண்டுகிறதா?

காபா என்றாலே தடுப்பு என்ற பாடப்புத்தக வரி இந்த நியூரான்களில் பல இடங்களில் செல்லாது. வளர்ந்த சுண்டெலியின் ஜிஎன்ஆர்எச் செல்லில் குளோரைடு உள்ளே அதிகம். காபாவின் காபாஏ ஏற்பி தரும் பதிலின் மாறுபுள்ளி (மின்னோட்டம் திசை மாறும் மின்னழுத்தம்) சுமார் −37 மில்லிவோல்ட் என்று 2002-இல் அளந்தார்கள், அது துடிப்பு வாசலுக்கு மேலே. ஆகவே அங்கே காபா செல்லைத் தூண்ட முடியும். கடும் அழுத்தத்துக்குப் பின் சிஆர்எச் செல்களிலும், நீண்ட நாள் உப்பேற்றிய எலியின் வாசோபிரெசின் செல்களிலும் குளோரைடை வெளியேற்றும் கேசிசி2-இன் வேலை குறைந்து, காபாவின் தடுப்பு தளர்கிறது, சில நேரம் திசையே மாறுகிறது.

முழுச்செல் பதிவில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் செல்லின் குளோரைடை உங்கள் குழாய்க் கரைசல் கழுவி மாற்றிவிடுகிறது. குழாயில் 10 மில்லிமோலார் குளோரைடு வைத்தால் மாறுபுள்ளி −67 அருகே வரும், 140 வைத்தால் பூஜ்யத்துக்கு அருகே வரும். அந்த எண் செல்லுடையது அல்ல, நீங்கள் காலையில் கலக்கிய கரைசலுடையது. சினாப்ஸ் இருப்பதைப் பெரிதாகக் காட்ட உயர்குளோரைடுக் கரைசல் நல்லது. திசையைச் சொல்ல அது உதவாது. திசை வேண்டுமானால் கிராமிசிடின் துளைப்பதிவு (குளோரைடை விடாத நுண்துளைகள் வழியே பதிவு செய்வது), அல்லது செல்லை உடைக்காமல் வெளியிலிருந்து துடிப்பை மட்டும் எண்ணும் ஒட்டுப்பதிவு.

படி 9: சினாப்ஸே இல்லாத வரவுகள்

பெப்டைடுகள் சினாப்ஸ் வாயிலில் காத்திருப்பதில்லை. பெரிய அடர்மையப் பைகளில் இருந்து, முடிச்சின் எந்தப் பக்கத்திலிருந்தும் கசிந்து, பக்கத்துச் செல்லை நனைக்கும். கிஸ்பெப்டின் இதற்குத் தெளிவான உதாரணம். ஆர்க்குவேட் கிஸ்பெப்டின் முடிச்சுகள் ஜிஎன்ஆர்எச் டென்ட்ரான் அருகே நிற்கின்றன, ஆனால் பெரும்பாலும் மரபான சினாப்ஸ் அமைப்பு இல்லை. 5-ஆம் படியில் நின்று பார்த்தால் “இல்லை”, 7-ஆம் படியில் ஒற்றை ஒளித்துடிப்பு கொடுத்துப் பார்த்தாலும் “இல்லை”. பெப்டைடு வெளிவரத் தொடர்தூண்டல் வேண்டும்: விநாடிக்கு 10 முதல் 20 துடிப்பு, பல விநாடிகள். பதிலும் மில்லிசெகண்டில் வராது. விநாடிகளில் தொடங்கி நிமிடங்கள் நீடிக்கும். பதிவை 2 விநாடியில் நிறுத்தும் மென்பொருள் அமைப்பு ஒரு முழு இணைப்பையே தவறவிடும். ஒவ்வொரு செல்லுக்கும் தொடர்தூண்டல் ஒரு முறை மட்டும் கொடுங்கள், பைகள் நிரம்ப நேரம் எடுக்கும். பெப்டைடின் ஏற்பித் தடுப்பானைப் போட்டு அதே துண்டின் வேறொரு செல்லில் பதில் மறைவதைக் காட்டுங்கள்.

படி 10: ரத்தத்தில் ஹார்மோன் மாறுகிறதா?

துண்டில் கண்ட இணைப்பு உயிருள்ள விலங்கில் பொருட்படுத்தக்கூடியதா என்பதை இறுதியில் ஹார்மோன்தான் சொல்ல வேண்டும். ஆக்ஸிடோசினில் இது கண்ணால் பார்க்கும் அளவுக்குத் தெளிவு. மயக்கிய தாய் எலியில் குட்டிகள் தொடர்ந்து சப்பிக்கொண்டே இருக்கும், ஆனால் ஆக்ஸிடோசின் செல்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான், எல்லாம் ஒன்றாக, 3 முதல் 4 விநாடிக்கு வெடித்துத் துடிக்கும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து மடிக்குள் அழுத்தம் உயரும். ஆய்வாளர்கள் வேக்கர்லியும் லிங்கனும் 1973-இல் இதைப் பதிவு செய்தார்கள். வரவைத் தூண்டினால் வெடிப்பு அடுத்தடுத்து வருகிறதா, அடைத்தால் நிற்கிறதா என்று இந்தத் தாளத்தின்மேலேயே அளக்கலாம்.

எல்எச் அளக்க, வால் நுனியிலிருந்து ஒவ்வொரு முறையும் 4 முதல் 5 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும் என்ற அளவுக்கு எலைசா முறைகள் வந்துவிட்டன. சில நிமிட இடைவெளியில் எடுத்தால்தான் துடிப்புகள் தெரியும். அரைமணிக்கு ஒருமுறை எடுத்தால் துடிப்பின் உச்சியிலும் பள்ளத்திலும் மாறிமாறி விழுந்து, இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும். விலங்கைக் கையாளும் பழக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பழகாத விலங்கில் அழுத்தமே எல்எச் துடிப்பை அடக்கிவிடும். அந்த அடக்கத்தை உங்கள் ஒளித்தூண்டலின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

தூண்டுவதோடு நிற்காமல் அடக்கியும் பாருங்கள். தூண்டினால் ஹார்மோன் கூடுவது அந்தப் பாதையால் முடியும் என்று மட்டும் காட்டுகிறது. இயல்பில் அது பயன்படுகிறதா என்பதை அடக்கும்போதுதான் அறியலாம். ஆக்ஸான் முனையில் ஒளி பாய்ச்சினாலும் துடிப்பு பின்னோக்கிச் செல் உடலுக்குப் போய், அங்கிருந்து வேறு கிளைகளிலும் இறங்கும். இலக்குக் கருவில் மட்டும் ஏற்பித் தடுப்பானைச் செலுத்தி விளைவு மறைவதைக் காட்டினால் இந்தச் சந்தேகம் தீரும்.

எண்ணும் அலகு விலங்குதான், செல் அல்ல. நான்கு விலங்கில் எடுத்த அறுபது செல்லை அறுபது சான்றுகளாகக் கணக்கிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். செல்லை விலங்குக்குள் அடக்கும் கலப்பு மாதிரி எனும் புள்ளியியல் முறையில் போடுங்கள். எண்ணுபவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. முடிந்தபின் ஒவ்வொரு மூளையையும் வெட்டி ஒளியிழையின் நுனி எங்கே இறங்கியது என்று பாருங்கள். நுனி எவ்வளவு விலகினால் அந்த விலங்கைக் கணக்கிலிருந்து நீக்குவீர்கள் என்பதை மில்லிமீட்டரில், முதல் ரத்த மாதிரியை அளக்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.